சோயா அவரைக்கு மாற்றுக் கனியப் பசளை: மதிப்பிடுவது எவ்வாறு?

மாணவர்களே, இறக்குமதிப் பசளை கிடைக்காவிடின் உள்ளூர்க் கனியத்தை இடலாமா? 2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இது வெறும் பரீட்சை வினாவாக இருக்கவில்லை.

சோயா அவரை அவரையினப் பயிர். இதன் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியா வளிமண்டல நைதரசனைப் பதிப்பதால் யூரியாத் தேவை குறைவு. யூரியாவை அதிகம் இட்டால் சிறுகணு உருவாதல் குன்றும். ஆனால் நைதரசன் பதித்தலுக்கு அதிக சக்தி வேண்டும். அதற்குப் பொசுபரசு அவசியம். எனவே இங்கு முக்கியமாக ஆராயவேண்டியது பொசுபரசுப் பசளையையே.

அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971 இல் அப்பதைற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. இதனை அரைத்துப் பெறுவதே எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று. மும்மைச் சுப்பர் பொசுபேற்றின் பெரும்பகுதி நீரில் கரையும். அப்பதைற்று அவ்வாறு கரையாது, மண்ணின் அமிலத்தால் மெதுவாகவே கரையும். அமில மண்ணில் பல ஆண்டுகள் நிற்கும் தேயிலை, இறப்பருக்கு இது பொருந்தும். சோயா அவரையோ ஏறத்தாழ மூன்று மாதப் பயிர். அது பயிரிடப்படும் உலர் வலய மண்ணும் பெரும்பாலும் நடுநிலைக்கு அண்மித்தது. "விலை மலிவு, ஆகவே சிறந்தது" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுபெறாது.

சரி, பரிசோதனை செய்வது எப்படி? முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். மண்ணில் ஏற்கெனவே போதிய பொசுபரசு இருந்தால் எந்தப் பசளையும் வேறுபாடு காட்டாது. பின்னர் நான்கு பரிகரிப்புகள்: பொசுபரசு இடாதது (கட்டுப்பாடு), மும்மைச் சுப்பர் பொசுபேற்று, பாறைப் பொசுபேற்று, பாறைப் பொசுபேற்றும் கூட்டெருவும். கூட்டெரு தானும் போசணை தரும் என்பதால், கூட்டெரு மட்டும் இட்ட ஐந்தாவது பாத்தியையும் சேர்ப்பது நல்லது. ஒவ்வொன்றையும் நான்கு தடவையேனும் மீளச்செய்து, பாத்திகளை எழுமாறாக ஒதுக்குங்கள். வர்க்கம், இடைவெளி, நீர், யூரியா, பொட்டாசு, விதைக்கு இடும் பற்றீரியா ஆகியன எல்லாவற்றிலும் சமமாக இருக்கவேண்டும்.

பலர் புள்ளியை இழப்பது அடுத்த இடத்தில்தான். இரு பசளைகளையும் சம நிறையில் இடக்கூடாது. சம அளவு போசணை கிடைக்குமாறு இடவேண்டும். மும்மைச் சுப்பர் பொசுபேற்றில் 46% பொசுபரசு பெந்தொட்சைட்டும் பாறைப் பொசுபேற்றில் 28% உம் உள்ளதெனக் கொள்வோம். முன்னையதில் 100 கிலோகிராமுக்கு ஈடாகப் பின்னையதில்

(46 ÷ 28) × 100 = ஏறத்தாழ 164 கிலோகிராம்

தேவை. விலையையும் இந்த 164 கிலோகிராமுக்கே கணிக்கவேண்டும். பையின் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பூக்கும் பருவத்தில் சில தாவரங்களை வேர் அறாமல் தோண்டியெடுத்துச் சிறுகணுக்களை எண்ணுங்கள். வெட்டும்போது உட்புறம் இளஞ்சிவப்பாயின் அது தொழிற்படுகிறது. அறுவடையில் ஒரே ஈரப்பதனுக்கு உலர்த்திய விதையின் நிறையை ஒப்பிடுங்கள். முடிந்தால் அடுத்த போகத்திலும் பசளையிடாது அதே பாத்திகளில் பயிரிடுங்கள்; பாறைப் பொசுபேற்றின் மீதிப்பயன் அப்போதே தெரியவரும்.

பயிற்சி வினா: பாறைப் பொசுபேற்று இடும் நிலத்துக்கு அதே வேளையில் தொலமைற்றும் இடுவது ஏன் உகந்ததல்ல? (குறிப்பு: மண்ணின் அமிலத்தன்மைக்கு என்ன நேரும்?)