பெரிய டிஸ்க் எதற்கு?

அலாய் வீலின் இடுக்கில் சிவப்புப் பெயின்ட் அடித்த பெரிய காலிப்பர் தெரிந்தால் போதும், அந்தக் கார் சட்டென்று நின்றுவிடும் என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். அதை வாங்கி மாட்டியவர் அந்த நம்பிக்கைக்காகவே லட்சக்கணக்கில் செலவழித்திருப்பார். ஆனால் ஒரே ஒருமுறை அழுத்தி மிதித்து நிறுத்தும் தூரத்தைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் டிஸ்க்கின் அளவுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. சக்கரம் சுழல்வதைத் தடுப்பது மட்டுமே பிரேக்கின் வேலை. அந்தத் தடுப்பைச் சாலையிடம் கொண்டுசேர்ப்பவை, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு சிறிய ரப்பர் பரப்புகள். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை, உராய்வுக் குணகம் 1 என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 39 மீட்டர் ஆகும். இந்தக் கணக்கில் வேகம் வரும், உராய்வு வரும், புவியீர்ப்பு வரும். டிஸ்க்கின் விட்டமும் பிஸ்டன்களின் எண்ணிக்கையும் எங்குமே வராது. முழு பலத்தோடு மிதிக்கும்போது காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிர்ந்து ஏபிஎஸ் வேலை செய்கிறதா? அப்படியானால் டயர் தாங்குவதைவிட அதிகமான விசையைப் பிரேக் ஏற்கெனவே தந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் பெரிய பிரேக் தரும் கூடுதல் விசையையும் அதே ஏபிஎஸ்தான் வெட்டி எறியப்போகிறது.

இதைச் சொன்னதும் எழும் எதிர்க்கேள்வி நியாயமானது. அப்படியென்றால் வேகமான கார்களுக்குக் கம்பெனியே ஏன் பெரிய டிஸ்க் போட்டு அனுப்புகிறது? பதில், வெப்பம். ஓடும் காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுகிற இயந்திரம்தான் பிரேக். 1,400 கிலோ எடையுள்ள கார் ஒன்று கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில், ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் அந்த நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், 200 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை நொடிக்குள் ஏறத்தாழ 18 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். குதிரைத்திறனில் சொன்னால் அது 700ஐத் தொடும். அந்தக் காரின் எஞ்சின் 250 குதிரைத்திறன் கொண்டது என்றால், வேகம் கூட்டும் உறுப்பைவிட வேகம் குறைக்கும் உறுப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வலிமையோடு உழைக்கிறது. இந்த வெப்பத்தில் எழுபது சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 9 கிலோ வார்ப்பிரும்பு என்றால், அந்த ஒரு மிதியில் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 150 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிஸ்க் 11 கிலோவாக இருந்தால் ஏற்றம் 120 டிகிரியோடு நிற்கும். காற்று படும் பரப்பும் கூடுதல். பெரிய டிஸ்க் வாங்கித் தருவது இந்த முப்பது டிகிரியைத்தான். முதல் மிதியில் அதற்கு மதிப்பு ஒன்றுமில்லை. இருபதாவது மிதியில் உண்டு.

டிஸ்க் பிரேக் என்பதே இந்தக் காரணத்தால்தான் வென்றது. 1953ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்ட்டனும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப், டன்லப் டிஸ்க் பிரேக்கோடு முதலிடம் பிடித்தது. டிரம் பிரேக்கும் குளிர்ந்த நிலையில் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கக்கூடியதுதான். சூடானதும் டிரம் விரிந்து லைனரைவிட்டு விலகும், உள்ளே மாட்டிக்கொண்ட வெப்பம் வெளியேற வழி இருக்காது. சுமார் ஆறு கிலோமீட்டர் நேர்ப்பாதை முடிந்து ஒவ்வொரு சுற்றிலும் ஓங்கி மிதிக்க வேண்டிய இடத்தில், ஜாகுவார் ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகக் கால் வைத்தார்கள். ராத்திரி முழுக்க அப்படியே வைக்கவும் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, டிரம்மையே நம்பியிருந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காற்றை மறித்து எழும் ஒரு பெரிய உலோகத் தகட்டோடு லே மானுக்கு வந்தது. பிரேக்கின் சுமையைக் குறைக்க வேறு வழி தெரியவில்லை.

சாலையில் இந்த வெப்பம் எழுகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க நிறுத்தினாலும் அதே கார் உண்டாக்குவது ஐந்தரை லட்சம் ஜூல்தான். முன் டிஸ்க்கில் 45 டிகிரி அளவுக்கு ஏற்றம். பிறகு சிக்னல் வரும், நெரிசல் வரும், டிஸ்க் ஆறிவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது நம் ஊரிலேயே இருக்கிறது. உதகையிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதை, ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே போகிறது. 1,400 கிலோ கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், மேலே சொன்ன நொய்டா மிதியைப் போல ஏழு மடங்குக்கு மேல். காற்றுத் தடையும் டயரின் உருளல் தடையும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், நியூட்ரலில் விட்டு மிதித்துக்கொண்டே வருபவரின் டிஸ்க் நீலம் பாரிப்பதில் வியப்பில்லை. இதற்கும் தீர்வு பெரிய டிஸ்க் இல்லை, இரண்டாவது கியர். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

வெப்பம்தான் பிரச்சினை என்று ஒப்புக்கொண்டால், முதலில் தோற்கும் பாகம் எது என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாத பிரேக் ஆயில். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. பெடல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால், பேட் தன் வெப்ப வரம்பைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போகிறது என்றால், காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் முன்னறிவிப்பு மிகக் குறைவு. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 சதவீதம் அளவுக்கு நீர் சேர்ந்தபின் 155. டாட் 5.1க்கு இவை 260, 180. பந்தயத்துக்கென்று விற்கப்படும் ஆயில்கள் புதிதில் 300 டிகிரியைத் தாண்டும். பல வருடமாக மாற்றாத ஆயிலோடு ஆறு பிஸ்டன் காலிப்பர் மாட்டிக்கொண்டு டிராக்குக்குப் போகிறவரைவிட, கம்பெனி காலிப்பரில் புது ஆயில் ஊற்றி ஒழுங்காக ஏர் எடுத்துவிட்டு வருபவர் பத்திரமானவர். இங்கே இன்னொரு தவறான கருத்தும் உலவுகிறது: எண் பெரிதாக இருந்தால் ஆயில் உசத்தி என்பது. டாட் 5 சிலிகானால் ஆனது. டாட் 4, டாட் 5.1 இரண்டோடும் கலக்கக் கூடாது. ஏபிஎஸ் உள்ள கார்களுக்கு ஆகவும் ஆகாது.

பேட் விஷயத்தில் நம்பிக்கை வேறு திசையில் தடம் புரள்கிறது. ‘ரேஸ் பேட் போட்டால் ரோட்டிலும் சூப்பராகப் பிடிக்கும்’ என்கிறார்கள். டிராக்குக்கான பேட் சில நூறு டிகிரியில் உயிர்பெறுவதற்காகக் கலக்கப்பட்ட பொருள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது சாதாரணப் பேட்டைவிட மோசமாகப் பிடிக்கலாம். கூடவே கீச்சிடும், கரித்தூளைக் கொட்டும், குளிர்ந்த நிலையில் டிஸ்க்கையும் அரிக்கும். ஆனால் சரியான இடத்தில் பயன்படுத்தினால் பேட்டுக்கு இருக்கும் சக்தியை டிஸ்க்கால் எட்ட முடியாது. டிஸ்க்கை 300 மி.மீட்டரிலிருந்து 330க்குப் பெரிதாக்கினால் பிடிக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 12 சதவீதம் கூடும். பேட்டின் உராய்வுக் குணகம் 0.35இலிருந்து 0.45க்கு உயர்ந்தால் அது 28 சதவீதத்துக்கும் மேல் கூடும். செலவோ பெரிய டிஸ்க்குக்கு ஆவதில் ஒரு சிறு பங்கு. இரண்டு உலகத்துக்கும் ஒரே பேட் தேடுவது ஓரளவு வீண் வேலை. டிராக் நாளுக்கு ஒரு செட், மற்ற நாளுக்கு ஒரு செட் என்று மாற்றிக்கொள்வதே நடைமுறை.

பிஸ்டன் எண்ணிக்கையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் ஒரு பிஸ்டன் உள்ள நகரும் காலிப்பர், எதிர்விசையால் மறுபக்கப் பேட்டையும் அதே பலத்தோடு அழுத்துகிறது. ஆகவே நான்கு பிஸ்டன் என்றால் நான்கு மடங்கு பிடி என்பது வெறும் எண் மயக்கம். கணக்கில் வருவது பிஸ்டன்களின் பரப்பளவு. நிறைய பிஸ்டன் இருந்தால் நீளமான பேட் முழுவதும் சீராக அழுந்தும், சாய்வாகத் தேயாது. நல்ல குணம்தான், பிடியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஃகு வலை பின்னிய ஹோஸும் இதே ரகம்: பெடல் கெட்டிப்படும், மனதுக்குத் தெம்பாக இருக்கும், நிற்கும் தூரம் மாறாது.

ஓட்டை போட்ட டிஸ்க் பற்றி நீண்ட நாளாக ஒரு மரியாதை இருக்கிறது. அந்தக் காலத்துப் பேட்கள் சூடானபோது வாயுவைக் கக்கின, அது வெளியேற ஓட்டை உதவியது. இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. மழையில் தண்ணீரை விலக்கவும் எடையைக் கொஞ்சம் குறைக்கவும் ஓட்டை பயன்படும். ஆனால் வெப்பத்தை உள்வாங்க வேண்டிய இரும்பையே அது குறைக்கிறது, டிராக்கில் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் விரிசல் தொடங்குகிறது. ‘போர்ஷே போடுகிறதே’ என்பார்கள். போடுகிறது, அந்தக் கார்களைத் தொடர்ந்து டிராக்கில் ஓட்டுபவர்களும் விரிசல் விழுந்த டிஸ்க்கை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். டிராக்குக்குச் சாதாரண டிஸ்க்கோ கோடு கீறிய டிஸ்க்கோ மேல்.

‘டிஸ்க் பெண்டாகிவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வதும் பெரும்பாலும் சரியான கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் இதைப் பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறார். மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவதற்கு வழக்கமான காரணம், பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருப்பது. அந்தத் திட்டுகள் மற்ற இடத்தைவிட அதிகம் சூடாகி, அங்கே வார்ப்பிரும்பு சிமென்டைட் என்ற கடினமான வடிவத்துக்கு மாறிவிட்டால் பிறகு திரும்பாது. புதுப் பேட்டைப் படிப்படியாகச் சூடாக்கிப் பதப்படுத்தாமல் நேரே டிராக்கில் இறக்குவதும், கொதிக்கும் பிரேக்கோடு பிட்டுக்குள் வந்து பெடலை மிதித்தபடியே நிற்பதும் இதற்கு நேர்வழிகள். இதே தவறு பெரிய டிஸ்க்கிலும் இதே நடுக்கத்தைத் தரும்.

பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் அடங்கிய கிட்டால் லாபம் இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லையே, பாதுகாப்பு கூடினால் தவறா என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. மிதிக்கும்போது எடை முன்னால் சாய்வதைக் கணக்கிட்டு, முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று முன்னதாக எல்லையைத் தொடும்படி கம்பெனி பங்கிட்டு வைத்திருக்கிறது. முன்பக்கம் மட்டும் பெரிய கிட் மாட்டினால் அந்தப் பங்கு இன்னும் முன்னால் சாயும். முன் டயர்கள் ஏபிஎஸ்ஸைச் சீக்கிரம் எழுப்பிவிடும். பின் டயர்களின் பிடியில் ஒரு பகுதி பயன்படாமலே கிடக்கும். நிற்கும் தூரம் சில சமயம் கூடவே செய்யும். மின்னணுக் கட்டுப்பாடு சரிசெய்துவிடும் என்ற வாதம் பாதிதான் உண்மை; வழக்கமான அமைப்புகள் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் மாஸ்டர் சிலிண்டர் தருவதற்கு மேல் கூட்டாது. பிஸ்டன் பரப்பு கூடினால் அதே மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருக்கும், பெடல் ஆழமாகப் போகும். முன்பின் இரண்டையும் காரின் கணக்குக்குப் பொருத்திச் செய்த கிட்களுக்கு இந்தக் குறை பொருந்தாது; விலை மட்டும் அதற்கேற்ப இருக்கும்.

எடையும் குதிரைத்திறனும் மிகுந்த கார், பிடிப்பு மிகுந்த டயர், அரை மணி நேரம் விடாமல் சுற்று. இந்த மூன்றும் சேரும்போது பெரிய டிஸ்க் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவில் பிரபலமான ஸ்பெக் மியாட்டா பந்தயப் பிரிவில், பழைய மாஸ்டா மியாட்டாக்கள் கம்பெனி அளவு காலிப்பரோடும் டிஸ்க்கோடுமே ஓடுகின்றன. பேட் மட்டும் அவரவர் விருப்பம். எடை குறைவு என்பதால் அது போதுகிறது. மறுகோடியில், 2001இல் 911 ஜிடி2 மூலம் போர்ஷே கொண்டுவந்த கார்பன் செராமிக் டிஸ்க், இரும்பைப் போலப் பாதி எடைதான். சாலையில் அது அருமை. அடிக்கடி டிராக்குக்குப் போகும் 911 ஜிடி3 உரிமையாளர்களில் பலர் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு டிஸ்க்குக்கு மாறுகிறார்கள். தொடர்ந்த உச்ச வெப்பத்தில் கார்பன் இழைகள் எரிந்து எடை குறையும், குறிப்பிட்ட எடைக்குக் கீழே போனால் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டும், மாற்றும் விலையோ மயக்கம் வரவைக்கும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு முதன்முறை காரைக் கொண்டுபோக நினைப்பவர் டயர், ஆயில், பேட் இந்த மூன்றையும் முடித்துவிட்டு, டிஸ்க்கின் விளிம்பில் வெப்பம் காட்டும் பெயின்ட்டைத் தடவிக்கொள்ளலாம். வழக்கமாகக் கிடைக்கும் செட்டில் பச்சை சுமார் 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560இலும், சிவப்பு 600க்குச் சற்று மேலும் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் கம்பெனி டிஸ்க்குக்கே இன்னும் இடமிருக்கிறது. சிவப்பும் மாறிவிட்டால் அப்போதும் முதலில் செய்ய வேண்டியது, முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் மையத்துக்கு ஒரு காற்றுக் குழாய் இழுப்பது. துடுப்பு வைத்த டிஸ்க் மையத்திலிருந்து காற்றை உறிஞ்சி விளிம்பு வழியாகத் தள்ளும் பம்பாகவே வேலை செய்கிறது. குழாய் போட்ட பிறகும் சிவப்பு மாறினால் பெரிய கிட்டுக்கு விலை விசாரிக்கலாம்.