வெப்பம் தந்த சிறகு

நுழையும்முன்

ஒரு செயல் வெற்றி பெற்றுவிட்டால், அதற்குக் கூறப்படும் காரணமும் சரியானதாகிவிடுமா? புகையே தம் பலூனை உயர்த்தியது என்று நம்பிய இருவர், மனிதனை முதன்முதலாக வானில் ஏற்றினர். பலூன் உயர்ந்தது உண்மை. அவர்கள் கூறிய காரணம் பிழை. அப்பிழையை அறிவியல் எவ்வாறு கடந்தது என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

தாள் செய்வோர் கண்ட கனவு

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள சிற்றூர் அன்னோனே. அங்குத் தாள் உற்பத்தியில் ஈடுபட்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர்கள் ஜோசப் மாண்ட்கோல்ஃபியர், எத்தியேன் மாண்ட்கோல்ஃபியர் ஆகிய உடன்பிறந்தோர். அடுப்பிலிருந்து புகை மேலெழுவதை உலகமே கண்டிருந்தது. அதனை ஒரு பையில் அடைத்தால் பையும் மேலெழுமன்றோ என்று எண்ணியவர்கள் இவர்கள். 1782ஆம் ஆண்டு, மெல்லிய பட்டுத்துணி போர்த்திய சிறு பெட்டி ஒன்றின் அடியில் ஜோசப் தாளைக் கொளுத்தினார். பெட்டி எழுந்து கூரையைத் தொட்டது.

1783 ஜூன் 4 அன்று, ஊர் மக்கள் முன்னிலையில் பெரியதொரு பலூன் பறக்கவிடப்பட்டது. துணியின் உட்புறம் தாள் ஒட்டி, துண்டுகளைப் பொத்தான்களால் இணைத்து அதனை உருவாக்கியிருந்தனர். வைக்கோலும் கம்பளியும் எரிந்த நெருப்பின்மேல் அது விரிந்து எழுந்தது. சுமார் 10 நிமிடங்கள் பறந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் இறங்கியது.

படிப்படியாக வானேறுதல்

உயரத்தில் உயிர்கள் பிழைத்திருக்குமா என்பது அன்று எவருக்கும் தெரியாது. ஆகவே, 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில், மன்னர் பதினாறாம் லூயியின் முன்னிலையில், ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் கூண்டில் வைத்து அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 8 நிமிடங்களுக்குப்பின் மூன்றும் உயிருடன் தரையிறங்கின.

அடுத்து மனிதன் செல்லவேண்டும். மரணதண்டனைக் கைதிகளை அனுப்பலாம் என்று மன்னர் கருதினார் என்பர். அப்பெருமை தமக்கே வேண்டுமென முன்வந்தவர் பிலாட்ர் தெ ரோசியர் என்னும் இளைஞர். அக்டோபரில், கயிற்றால் பிணைக்கப்பட்ட பலூனில் ஏறி அவர் பயிற்சி பெற்றார். நவம்பர் 21 அன்று, தார்லாந்து பிரபுவுடன் பாரிசு நகரின்மீது கட்டின்றிப் பறந்தார். பலூனின் வாயருகே எரிந்த நெருப்புக்கு இருவரும் வைக்கோல் இட்டுக்கொண்டே சென்றனர். தீப்பொறி பட்டுத் துணியில் துளைகள் விழுந்தபோது, நீரில் நனைத்த பஞ்சால் அவற்றை அணைத்தனர். சுமார் 25 நிமிடங்களில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கடந்து நலமுடன் இறங்கினர்.

பிழையும் திருத்தமும்

எரியும் வைக்கோலும் கம்பளியும் இலேசான ஒரு தனி வாயுவை வெளியிடுகின்றன. அதுவே பலூனைத் தூக்குகிறது என்று மாண்ட்கோல்ஃபியர் உடன்பிறந்தோர் கருதினர். அதனாலேயே அடர்ந்த புகையை விரும்பினர். பலூன் பறந்ததால் அக்கருத்தும் மெய்போலத் தோன்றியது. ஆனால், ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையறிஞர் சொசூர், பலூனை உயர்த்துவது புகையன்று, சூடாகி விரிந்த காற்றே என்பதைச் சோதனை வாயிலாகக் காட்டினார்.

உயரும் முறை

அழுத்தம் மாறாதிருக்க, வெப்பம் மிகுந்தால் வாயுவின் பருமன் மிகும். பலூனின் கீழ்வாய் திறந்திருப்பதால், விரியும் காற்றின் ஒரு பகுதி வெளியேறுகிறது. உள்ளிருக்கும் காற்றின் எடை குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், 100 பாகையில் 0.95 கிலோகிராம். வேறுபாடு கால் கிலோகிராம் மட்டுமே. எனினும், 2,200 கன மீட்டர் கொள்ளும் பலூனில் அது ஏறத்தாழ 550 கிலோகிராமாகப் பெருகுகிறது. உறை, கூடை, எரிப்பான், எரிவாயுக் கலன்கள், பயணிகள் ஆகியவற்றின் மொத்த எடை இதற்குள் அடங்கினால் பலூன் எழும். நீரில் மூழ்கிய பொருளுக்கு ஆர்க்கிமிடிஸ் கூறிய மேல்நோக்கு விசை காற்றுக்கும் பொருந்தும்.

இறங்க வேண்டுமெனில் உச்சியிலுள்ள திறப்பைக் கயிற்றால் இழுத்துச் சூடான காற்றை வெளியேற்றுவர். பலூனுக்குச் சுக்கான் இல்லை. வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசைகளில் வீசுவதால், ஏறியும் இறங்கியும் தமக்கேற்ற காற்றோட்டத்தை ஓட்டுநர் தேர்ந்துகொள்வார்.

தெரிந்து தெளிவோம்

வேதியியலில் நாம் பயிலும் சார்லஸ் விதிக்கு உரிய ஜாக் சார்லஸ், 1783 ஆகஸ்டு 27 அன்று பாரிசில் ஹைட்ரஜன் பலூனைப் பறக்கவிட்டார். அது கொனெஸ் என்னும் ஊரில் விழுந்தபோது, அச்சமுற்ற உழவர்கள் அதனைத் தாக்கிக் கிழித்தனர். புரொப்பேன் எரிப்பானும் நைலான் உறையும் கொண்ட இக்காலப் பலூனை 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் பறக்கவிட்டவர் எட் யோஸ்ட்.

ரோசியரின் பெயர்

ஆங்கிலக் கால்வாயைக் கடக்க விரும்பிய ரோசியர், ஹைட்ரஜன் பலூனின்கீழ் வெப்பக்காற்றுப் பலூனை இணைத்தார். எளிதில் தீப்பற்றும் வாயுவும் நெருப்பும் அருகருகே அமைந்தன. 1785 ஜூன் 15 அன்று அக்கலன் வீழ்ந்தது. ரோசியரும் உடன்சென்ற ரோமேனும் உயிரிழந்தனர். வானில் முதலிற் பறந்தவரே, வான்பயணத்தில் முதலில் மடிந்தோருள் ஒருவரானார்.

ஆயினும், அவரது எண்ணம் அழியவில்லை. ஹைட்ரஜனுக்கு மாற்றாகத் தீப்பற்றாத ஹீலியத்தைக் கொண்டு அவ்விணைப்பைப் பின்வந்தோர் திருத்தியமைத்தனர். 1999ஆம் ஆண்டு, அத்தகைய பலூனில் பெர்ட்ராண்ட் பிக்கார்டு, பிரையன் ஜோன்ஸ் இருவரும் உலகை இடைநில்லாது சுற்றிவந்தனர். அவ்வகைப் பலூன் இன்றும் ரோசியர் பெயராலேயே வழங்குகிறது. துணிவு வழியைத் திறக்கும். திருத்திக்கொள்ளும் அறிவே அவ்வழியில் நம்மைக் கொண்டு சேர்க்கும்.

கற்பவை கற்றபின்

1. சார்லஸ் விதியைக் கொண்டு, குளிர்ந்த விடியற்பொழுதில் பலூன் எளிதாக உயர்வது ஏன் என விளக்குக.
2. ‘வெற்றி மட்டுமே கருத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.