கட்டிய பேக்கேஜைச் சோதித்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கிள்ளான் தமிழ்ப்பள்ளிகளுக்காக நீ பைத்தானில் எழுதும் பிழைதிருத்தியைப் பார்த்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை, மனம் நிறைந்தது. ஆனால் அந்தப் பச்சை உன் மடிக்கணினிக்கு மட்டுமே பொருந்தும். பள்ளிக் கணினியில் ஏறப்போகும் பேக்கேஜை நீ இன்னும் சோதிக்கவே இல்லை.

சொற்பட்டியல் உன் கோப்புறையில் இருக்கிறது, அதனால் டெஸ்ட் தேறுகிறது. பேக்கேஜ் கட்டும்போது நிரல் மட்டும் உள்ளே போய்ப் பட்டியல் விடுபட்டுப்போனால், முதலில் தெரிந்துகொள்பவர் ஆசிரியராகத்தான் இருப்பார். கட்டிக் கிடைக்கும் வீல் கோப்பு (.whl) ஒரு ஜிப்தான், திறந்து பார். அதோடு விடாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானியங்கிச் சோதனை முதலில் பேக்கேஜைக் கட்டி, புதிய மெய்நிகர்ச் சூழலில் நிறுவி, மூல நிரல் கண்ணில் படாத இடத்திலிருந்து டெஸ்டை ஓட்டட்டும். கட்டுவதையும் நிறுவுவதையும் டாக்ஸ் (tox) என்ற கருவி பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸில் கட்டாயம் ஓட்டு. இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான பைத்தான் பதிப்புகளில், குறியாக்கம் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், ஆங்கில விண்டோஸ் அதை சிபி1252 என்றே எடுத்துக்கொள்ளும். நம் மெய்யெழுத்துப் புள்ளி யூடிஎஃப்-8இல் மூன்று பைட்: ஈ0, ஏஎஃப், 8டி. சிபி1252இல் 8டி இருக்கவேண்டிய இடம் காலி. 'அம்மா' என்ற சொல்லைக்கூடத் தாண்டாமல், அதன் புள்ளியிலேயே நிரல் விழுந்துவிடும். உன் மேக்கில் இது ஒருநாளும் நடக்காது. கோப்புப் பெயர்களிலும் தமிழ் வேண்டாம். 'சொல்' என்பதிலுள்ள ஒகரக்குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரலாம். பழைய மேக் கோப்புமுறை பிரித்தேதான் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், நிரலுக்கு இரண்டு.

இன்னொருவர் கணினியில் எப்படித் தெரியுமோ என்ற கவலை இந்த மலேசிய மண்ணில் புதிதல்ல. முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். 2005இல் அவருடைய தமிழ் உள்ளீட்டுச் செயலி செல்லினம் கைப்பேசிக்கு வந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூரில் கூடியது. யூனிகோட் பரவாத அந்நாளில் ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத்தான் விரியும். எழுதியவர் திரையில் அது அழகாகவே இருந்தது. தமிழ்க் கணிமைக்கு உழைத்தவர்கள் எப்போதும் பெறுபவர் திரையை நினைத்தே வேலை செய்தார்கள். நீயும் அந்த வரிசையில் வருபவன் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நேரம் பிடிக்கிறது என்பாய். உண்மைதான். அன்றாட மாற்றங்களுக்கு லினக்ஸ் போதும். முதன்மைக் கிளையில் சேர்க்கும் முன் மூன்று இயங்குதளத்திலும் ஓட்டு. கட்டுவதை மட்டும் எதிலும் விடாதே.

வெளியிடும் நாளில் புதிதாகக் கட்டவும் வேண்டாம். டெஸ்ட் தேறிய அதே கோப்பையே பைத்தான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் (PyPI) ஏற்று. ஒருமுறை ஏற்றிய பெயரில் வேறு கோப்பை அங்கே ஏற்ற முடியாது, அழித்தாலும் முடியாது. அடுத்த பதிப்பு எண்ணுக்குத்தான் போகவேண்டும். அதற்குள் முந்தையதை எத்தனை பள்ளிகள் இறக்கியிருக்குமோ!

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து உன் அண்ணன்