நிலம் அதிர்ந்த பின் கிடைக்கும் இரண்டு மணி நேரம்

நோயாளரும் அவரைப் பேணுவோரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராத் தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைந்தபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லாததால், அந்த நேரம் கரையில் வாழ்ந்தோருக்குப் பயன்படவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். மரக்காணம் பகுதியின் மீனவக் குப்பங்களும் அந்தத் துயரில் பங்குகொண்டன. மாண்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மிகுதி. ஓட முடிந்தவர் ஓடினர். முடியாதவர் அலையில் அகப்பட்டனர்.

இன்று எச்சரிக்கை அமைப்பு உண்டு. ஆயினும் எழுந்து நடக்க இயலாத ஒருவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. அவரை யார் தூக்குவது, எந்த வழியாக, எதை எடுத்துக்கொண்டு என்பவை முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

1. இருவகை அதிர்வுகள்

நம் கரைக்கு நிலநடுக்கம் இரண்டு விதமாக வரக்கூடும்.

முதலாவது, அண்மை அதிர்வு. 2001 செப்டம்பர் 25 அன்று இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. சென்னை வரை அது உணரப்பட்டது. இத்தகைய அதிர்வில் முதல் ஆபத்து கட்டடத்திலிருந்தே வருகிறது. அதே ஆண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நகரில் அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்து நோயாளர்கள் மாண்டதை நாடு மறக்கவில்லை.

இரண்டாவது, தொலை அதிர்வு. சுமத்ரா, அந்தமான் பக்கம் பெரும் நிலநடுக்கம் நிகழும்போது நம் வீட்டில் தொங்கும் விளக்கு சற்றே ஆடலாம். அதுவும் நிகழாமல் போகலாம். இங்கு ஆபத்து பின்னால் கடல்வழியே வருகிறது. அதிர்வு மெல்லியதாக இருந்தது என்பதால் அச்சம் நீங்கியது என்று கொள்ளலாகாது.

2. அதிரும்போது செய்ய வேண்டியவை

நடமாடக் கூடியவர் உறுதியான மேசையின் கீழ் அமர்ந்து தலையையும் கழுத்தையும் காத்துக்கொள்க. படுக்கையில் இருப்பவரை அதிர்வின் நடுவே தூக்க முயல வேண்டா. தலையணையால் அவர் தலையை மூடுக. சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரத்தைப் பூட்டிவிட்டு முன்னே குனிந்து கைகளால் தலையை மறைத்துக்கொள்க. அதிர்வு நின்ற பின் அடுப்பையும் எரிவாயு உருளையையும் மூடி, படிக்கட்டு வழியே வெளியேறுக. மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது.

3. எச்சரிக்கையின் மூன்று நிலைகள்

ஐதராபாதிலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்த சில நிமிடங்களில் அதன் முதல் அறிக்கை வெளியாகும். கரையில் எதிர்பார்க்கப்படும் அலையின் உயரத்தைப் பொறுத்து அறிவிப்பு மூன்று நிலைகளில் வரும். உச்சநிலையில் கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும். இடைநிலையில் கடற்கரையையும் நீரோரத்தையும் விட்டு விலக வேண்டும். முதல்நிலையில் வீட்டிலிருந்தபடி அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கலாம்.

2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல், சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தனர். கரையோரங்களில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கடல்தளம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை; மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அன்று வெளியேறியதை வீண் அலைச்சல் என்று எண்ண வேண்டா. எது பேரலையாகும் என்பது முதல் மணி நேரத்தில் உறுதிப்படுவதில்லை.

4. எந்தத் திசையில் செல்வது?

மரக்காணத்தில் நிலம் தட்டையானது. ஏறி நிற்க அருகில் குன்று இல்லை. எனவே உயரத்தைக் காட்டிலும் தொலைவையே நாட வேண்டும். கடலை விட்டு உள்நாட்டுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் செல்லுதல் பொதுவாகக் கூறப்படும் அளவு.

இங்கே மூன்று செய்திகள் நினைவில் இருக்கட்டும். ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலை கடலை ஒட்டியே செல்கிறது. புதுச்சேரி மருத்துவமனைக்கு வழக்கமாக அச்சாலையில் செல்வோர், எச்சரிக்கை நாளில் அதை விடுத்து மேற்கே திண்டிவனம் சாலையைப் பிடிக்க வேண்டும். ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் திண்டிவனம் வழியே செல்ல இயலும். இரண்டு, உப்பளப் பாத்திகளின் வரப்புகள் குறுகியவை, வழுக்குபவை. குறுக்குவழி என்று நோயாளரைத் தூக்கிக்கொண்டு அவற்றில் இறங்கலாகாது. மூன்று, அலை திறந்த நிலத்தைக் காட்டிலும் கழிமுகம், கால்வாய் வழியாக நெடுந்தொலைவு ஏறும். கழுவெளியின் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரையோரத்தைத் தவிர்க்க.

தொலைவு செல்ல நேரமில்லையெனில், அதிர்வில் சேதமுறாத உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி அடுத்த புகலிடம்.

5. தூக்குவோர் யார்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்த பெரியவர் கட்டிலில் இருக்கிறார். மகன் விடியுமுன்பே உப்பளத்துக்குச் சென்றுவிட்டார். வீட்டில் இருப்பவர்கள் மருமகளும் பள்ளி செல்லும் பேரனும். எச்சரிக்கை ஒலிக்கிறது. மகன் வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். மகனும் கடலை நோக்கித் திரும்பி வர நேரும்.

ஆகவே ஒவ்வொரு நோயாளருக்கும் அண்டை வீட்டார் நால்வரை முன்னரே கேட்டு வைத்துக்கொள்க. அவர்களில் இருவரேனும் பகலில் வீட்டில் இருப்பவராகட்டும். மணற்பாங்கான தெருவில் சக்கர நாற்காலி உருளாது. இரண்டு உறுதியான மூங்கில் கழிகளில் கெட்டியான போர்வையைச் சுற்றினால் தூக்குப் படுக்கை ஆயிற்று. உட்கார இயலுபவரை நாற்காலியோடு இருவர் தூக்கலாம். ஆட்டோ வைத்திருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். 108 ஊர்தியை அழைக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் அது வர இயலாது. வெளியூரில் இருக்கும் மகனோடு எங்கு சந்திப்பது என்பதும் முன்னரே முடிவாகட்டும்.

சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே என்னும் தீவில் 2004 ஆம் ஆண்டு அலை சில நிமிடங்களிலேயே வந்தது. ஏறத்தாழ 78,000 மக்களில் மாண்டவர் 7 பேர் மட்டுமே. நிலம் நெடுநேரம் அதிர்ந்தால் மேட்டுக்கு ஏற வேண்டும் என்று, 1907 ஆம் ஆண்டின் பேரலைக்குப் பின் பாட்டன் பாட்டிமார் பேரர்களுக்குச் சொல்லி வந்ததே அவர்களைக் காத்தது. குடும்பத்தில் பேசி வைத்த சொல்லுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

6. கைப்பையில் இருக்க வேண்டியவை

ஒரு வாரத்துக்கான மருந்துகள், மருந்துச் சீட்டு, மருத்துவமனை விடுவிப்புக் குறிப்பின் படி, இரத்த வகை எழுதிய அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைக்க. இன்சுலின் பயன்படுத்துவோர் குளிர்ப்பையும் சிறிது சர்க்கரையும் கொள்க, இன்சுலின் உறைந்துவிடலாகாது. ஆக்சிஜன் கருவி மின்சாரமின்றி இயங்காது என்பதால், சிறிய உருளை எத்தனை மணி நேரம் வரும் என்பதைக் கேட்டு எழுதி வைக்க. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர், ஒரு முறை தவறினால் நீரையும் உணவையும் எவ்வாறு குறைப்பது, உள்நாட்டில் எந்த மையத்தை நாடுவது என்பவற்றைத் தம் மருத்துவரிடம் இன்றே கேட்டறிக. நீரிழிவு நோயர் காலணியின்றி வெளியேற வேண்டா. அலை நீரில் பட்ட காயம் சிறிதாயினும் உடனே கழுவி, தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பூசி குறித்துக் கேட்க வேண்டும்.

7. திரும்புதல்

ஆழிப்பேரலை ஒரே அலையாக வந்து முடிவதில்லை; அடுத்து வருவது முதல் அலையினும் பெரிதாக இருக்கலாம். கடல் அடங்கிவிட்டது போலத் தோன்றினாலும், மாவட்ட நிருவாகம் அறிவிக்கும்வரை திரும்பலாகாது. ஐயம் இருப்பின் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077, மாநில அறையை 1070 என்னும் எண்களில் அழைக்கலாம்.

இவ்வாரப் பயிற்சி

நோயாளரின் அருகில் அமர்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதுக. தூக்க வரும் நால்வர் யார்? செல்லும் சாலை எது? சேரும் இடம் எது? பை எங்கே தொங்குகிறது? பின்னர் ஒருமுறை அவரைத் தூக்கித் தெருமுனைவரை சென்று, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்க. ஆண்டுதோறும் நவம்பர் 5, உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாள் வரும்போது, அப்பயிற்சியை மீண்டும் செய்க. எழுதிய தாளை அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது கொண்டுவந்து செவிலியரிடம் காட்டுக. விடுபட்டதை அவர் எடுத்துரைப்பார்.