முற்பணம் வாங்கிய பிறகு காரை விற்க மனமில்லையா?

ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் பழைய கார் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. கிஜிஜியிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ படத்தைப் போடுகிறோம். "அண்ணை, கார் இன்னும் இருக்கோ?" என்று ஒருவர் கேட்டு வருகிறார். ஷெப்பர்ட் வீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார். 13,500 டாலருக்குப் பேச்சு முடிந்து, 500 டாலர் இ-ரான்ஸ்ஃபரில் வந்துவிடுகிறது. மீதிக் காசும் திறப்பும் சனிக்கிழமை. அதற்குள் வீட்டில் யோசனை மாறிவிடுகிறது. வாங்க இருந்த புதுக் காருக்கு லோன் கிடைக்கவில்லை, அல்லது மகளுக்கு இந்தக் கார் தேவைப்படுகிறது, அல்லது வேறொருவர் ஆயிரம் டாலர் கூடத் தருவதாகச் சொல்கிறார்.

பின்வாங்க வழி உண்டு. ஆனால் வாங்கிய 500 டாலரைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாங்குபவர் மனம் மாறினால் பொதுவாக முற்பணத்தை இழப்பார். விற்பவர் மனம் மாறினால் முற்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் நட்டஈட்டுக்கும் பொறுப்பாகலாம். "இரண்டு மடங்கு கொடுக்க வேணும்" என்று பாரிஸில் இருக்கும் உறவினர் சொல்லியிருந்தால் அது பிரான்ஸின் சட்டம். அங்கே குடியியல் சட்டக்கோவையின் 1590ஆம் பிரிவு அச்சாரத்தைப் பற்றி அப்படிச் சொல்கிறது. ஒன்ராறியோவில் அந்த விதி இல்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. கார் பேரத்தை முறிக்க இத்தனை நாள் அவகாசம் உண்டு என்பார்கள். ஒன்ராறியோவில் டீலரிடம் வாங்கினாலேயே அப்படி ஒரு பொது அவகாசம் கிடையாது. டீலர்களைக் கண்காணிக்கும் ஒம்விக் அமைப்பு தனியார் விற்பனைக்குள் வருவதில்லை. உங்கள் இருவருக்கும் இடையில் இருப்பது நீங்கள் பேசிய பேச்சும் பொருள் விற்பனைச் சட்டமும் மட்டுமே.

முதலில், என்ன பேசினீர்கள் என்று பாருங்கள்

வாட்ஸ்அப், மெசெஞ்சர், இ-ரான்ஸ்ஃபரில் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் திறந்து வரிசையாக வாசியுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். எழுத்தில் எதுவும் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகாது. 40 டாலரோ அதற்கு மேலோ பெறுமதியான விற்பனைக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்ற பழைய விதியை ஒன்ராறியோ 1994இல் நீக்கிவிட்டது. "ஓகே, 13,500. சனிக்கிழமை வந்து எடுங்கோ" என்ற ஒரு வரியே போதும்.

நீங்கள் தேட வேண்டியது நிபந்தனைகளை. "மெக்கானிக்கிட்டக் காட்டிப்போட்டுச் சொல்லுறன்", "லோன் கிடைச்சா எடுக்கிறன்" என்று அவர் சொல்லியிருந்து, அது இன்னும் நடக்கவில்லை என்றால் பேரம் முழுமையாக முடியவில்லை என்று வாதிட இடமுண்டு. "புதன்கிழமை வரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ" என்று மட்டும் கேட்டுக் காசு அனுப்பியிருந்தால் அது காரைப் பிடித்துவைக்கக் கொடுத்த காசு. புதன் கழிந்தும் அவர் வராவிட்டால் உங்கள் நிலை பலமானது. ஆனால் விற்பனை முடிவாகி, அவர் மீதிக் காசுக்கு ஒரு நாள் பிந்தினார் என்பது மட்டும் பின்வாங்கக் காரணமாகாது. காசு தரும் நாள் தவறினால் பேரம் முறியும் என்று நீங்கள் தெளிவாகப் பேசியிருந்தால் தவிர, சட்டம் அந்தத் தாமதத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. நியாயமான ஒரு கடைசித் திகதியை எழுத்தில் கொடுத்து, அதற்கும் வராவிட்டால்தான் பேச்சை விடலாம்.

இ-ரான்ஸ்ஃபரில் ஓட்டோ டிப்பொசிட் போட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் சம்மதிக்கும் முன்பே அவர் அவசரப்பட்டு அனுப்பிய காசு தானாகவே கணக்கில் விழுந்திருக்கலாம். காசு வந்துவிட்டது என்பதாலேயே நீங்கள் சம்மதித்ததாக ஆகாது. அன்றைக்கே திருப்பி அனுப்பி, விலை இன்னும் முடிவாகவில்லை என்று எழுதிவிடுங்கள். ஓட்டோ டிப்பொசிட் இல்லாதவர்கள் அந்தக் காசை ஏற்காமல் மறுத்துவிடலாம்.

அவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் செலவு ஏறுகிறது. இன்சூரன்ஸ் எடுக்கிறார், பாங்க் டிராஃப்ட் போடுகிறார், வேலையில் லீவு கேட்கிறார், பார்த்துவைத்த வேறு இரண்டு கார்களை விட்டுவிடுகிறார். அஜின்கோர்ட்டில் 12,000, 13,000 டாலருக்குக் கார் தேடுபவர் பலவேளை நாட்டுக்குப் புதிதாக வந்தவராகவோ, பஸ் குறைந்த நேரத்தில் இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டியவராகவோ இருப்பார். அவரைச் சனிக்கிழமை காலைவரை காக்கவைப்பது நியாயமில்லை.

தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதை எழுத்திலும் அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

"தம்பி, வீட்டுத் தேவை மாறினதால காரை இப்ப விற்க முடியாமல் இருக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட 500 டாலரை இப்பவே அனுப்புறன். மெக்கானிக்குக் குடுத்த காசு இருந்தா பில்லை அனுப்புங்கோ, அதையும் தாறன்."

எஞ்சின் பழுதாகிவிட்டது, யாரோ இடித்துவிட்டார்கள் என்று கதை கட்டாதீர்கள். அதே கார் அடுத்த நாள் ஆயிரம் டாலர் கூடிய விலையில் விளம்பரத்தில் ஏறினால் அவர் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்வார். நீதிமன்றத்தில் அது உங்கள் சொல்லின் மதிப்பைக் கெடுத்துவிடும். அதேபோல, முதலாமவருடன் கணக்கை முடிக்காமல் இரண்டாமவரிடம் ஒரு சதமும் வாங்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒரே காரைத் தருவதாகச் சொன்னவராகிவிடுவீர்கள்.

காசு வந்த வழியே போகட்டும்

முழுத் தொகையையும் ஒரே தடவையில், அவர் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கோ இலக்கத்துக்கோ அனுப்புங்கள். குறிப்பில் "2017 கொரொல்லா, முற்பணம் முழுதும் திருப்பித் தரப்பட்டது" என்று எழுதிப் படம் பிடித்து வையுங்கள். "இந்தக் கணக்குக்கு வேண்டாம், என் நண்பனின் கணக்குக்குப் போடுங்கள்" என்றால் போடாதீர்கள். திருட்டுக் கணக்கிலிருந்து காசு அனுப்பி, அதை வேறு கணக்கில் திரும்ப வாங்குவது பழகிப்போன மோசடி. காசோலையாகத் தந்திருந்தால் அது உண்மையிலேயே செல்லும் என்று வங்கியில் உறுதிசெய்யும் வரை திருப்பிக் கொடுக்காதீர்கள். கணக்கில் தொகை தெரிவது மட்டும் போதாது. ரொக்கமாக வாங்கியிருந்தால் பொது இடத்தில் சந்தித்துக் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள்.

விடுவிப்பு வாங்குங்கள்

பலர் இங்கேதான் அசட்டையாக விடுகிறார்கள். காசு திரும்பியதும் இருவரும் கையெழுத்திடும் ஒரு தாள், அல்லது அவர் "சம்மதம்" என்று பதில் போடும் ஒரு செய்தி வேண்டும். அதில் காரின் வருடம், மாடல், வின் இலக்கம், திருப்பிய தொகை, திகதி ஆகியவற்றோடு இந்த வாசகம் இருக்கட்டும்: "இந்த விற்பனையை இருவரும் சம்மதித்து ரத்துச் செய்கிறோம். இது தொடர்பாக ஒருவர்மீது மற்றவருக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை." வாங்குபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இதற்காக அவருடைய இன்ஸ்பெக்‌ஷன் செலவையும், மனவருத்தத்துக்காக நூறு டாலரும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தால் தயங்காமல் கொடுங்கள்.

யூ.வி.ஐ.பி. என்ற பாவித்த வாகனத் தகவல் பொதியைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். சர்விஸ் ஒன்ராறியோவில் 20 டாலர் கட்டி விற்பவர் எடுத்துத்தர வேண்டிய இந்தப் பொதியில் விற்பனைப் பத்திரமும் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டிருந்தால் அது பேரத்துக்கு நேரடிச் சான்று. ஓனர்ஷிப்பில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால் அதையும் உடனே கேளுங்கள். கார் கைமாறும் என்று நினைத்து இன்சூரன்ஸை நிறுத்தியிருந்தால், மீண்டும் ஓட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

முழுக் காசையும் வாங்கி, கையெழுத்திட்ட ஓனர்ஷிப்பும் திறப்பும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது இப்போது அவருடைய கார். திரும்ப வேண்டுமானால் அவரிடமிருந்து விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அவர் சம்மதிக்காவிட்டால்

அவர் என்ன கேட்கலாம்? காரையே தா என்று வழக்குப் போடலாம். ஆனால் கிடைப்பதற்கரிய பொருளாக இருந்தாலொழிய நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிடுவது அரிது. ரொறன்ரோ பகுதியில் 1986இல் 205,000 டாலருக்கு ஒரு வீட்டை விற்கச் சம்மதித்தவர் பின்வாங்கிய வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. வீடு, காணி என்றாலும் அதற்கு ஈடான இன்னொன்று கிடைக்காது என்று காட்டினால்தான் அதையே தரும்படி கேட்கலாம் என்று 1996இல் அந்த நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் விற்பவர் தப்பவில்லை. வீட்டு விலை ஏறிய கணக்கில் 81,733 டாலர் 96 சதம் கொடுக்க வேண்டியிருந்தது.

காருக்கும் அதே தர்க்கம்தான். கொரொல்லா போன்ற கார் ஸ்காபரோ முழுவதும் கிடைக்கும். அதே வருடம், அதே ஓட்டம் உள்ள கார் சந்தையில் 14,800 என்றால் அவர் கேட்கக்கூடியது 1,300 டாலர் வித்தியாசமும் நியாயமான செலவுகளும். சந்தையிலும் 13,500க்கே கிடைக்கிறது என்றால் கேட்க அதிகம் எதுவும் இல்லை. ஆகவே அவர் கோபத்தில் இருக்கும்போதே ஒத்த கார்களின் விளம்பரங்களைத் திகதியோடு சேமித்து வையுங்கள். அதே விலையில் இன்னொரு காரை அவருக்குத் தேடிக் கொடுக்க உதவினால் இன்னும் நல்லது. மாறாக, அபூர்வமான பழைய மாடல் கார் வைத்திருப்பவர்கள் பின்வாங்கும் முன் சட்ட ஆலோசனை கேளுங்கள்.

வழக்கு வந்தால் அது சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கே வரும். 2025 ஒக்ரோபர் 1 முதல் அதன் வரம்பு 50,000 டாலர். வழக்குத் தொடர அவருக்குப் பொதுவாக 2 வருடம் உண்டு. கோரிக்கைப் பத்திரம் உங்கள் கைக்கு வந்தால் 20 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதை அலுமாரியில் போட்டுவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். பாராலீகல் ஒருவரை அமர்த்தலாம். புரோ போனோ ஒன்ராறியோவின் இலவச ஆலோசனை இலக்கம் 1-855-255-7256.

அடுத்த முறை விற்கும்போது முற்பணம் வாங்குமுன் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: எந்தத் திகதி வரை காரை வைத்திருப்பீர்கள், நீங்கள் மனம் மாறினால் முற்பணத்தைத் திருப்பித் தருவதோடு இருவருக்கும் கணக்கு முடியும் என்பது. அவர் "ஓகே" போட்ட பிறகே காசை வாங்குங்கள். முடிவில் உறுதியில்லாத நாட்களில் முற்பணமே வாங்க வேண்டாம். முழுக் காசும் திறப்பும் ஒரே நாளில் கைமாறட்டும்.