மேல் நட்டை முதலில் கழற்றுங்கள்

நம் தோட்டங்களில் லொறி, ட்ரக்டர், துரைமாரின் பழைய கார் என்று எதையாவது ஓட்டியோ பழுது பார்த்தோ பிழைக்கும் தம்பிமார் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இம்முறை ஒரு சின்ன வேலையைப் பற்றி எழுதுகிறோம். கியர் பெட்டியின் அடியில் ஒயிலை வடிக்க ஒரு நட்டும், பக்கத்தில் ஒயில் ஊற்ற ஒரு நட்டும் இருக்கின்றன அல்லவா? புத்தகத்தில் அவற்றை ட்ரெய்ன் பிளக், ஃபில்லர் பிளக் என்று போட்டிருக்கும். நாம் கீழ் நட், மேல் நட் என்றே சொல்லுவோம். இரண்டையும் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் பிழையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நயினாதீவுக்குப் போன இடத்தில்தான் கண்டோம்.

2012ஆம் ஆண்டு ஆனித் திருவிழாவுக்கு நாகபூஷணி அம்மனைக் கும்பிட ஹற்றன் பக்கமிருந்து ஐந்து பேர் போனோம். யாழ்ப்பாணம் வரை பஸ். அங்கிருந்து ஒரு மொரிஸ் மைனர் காரை வாடகைக்குப் பிடித்தோம். நயினாதீவுக்குத் தரைவழி இல்லை. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று தாம்போதிகளின் மேல் போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை நிறுத்திவிட்டு லோஞ்சில் ஏற வேண்டும்.

மொரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்த கார். யாழ்ப்பாணத்து ஆட்கள் அதையும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1990இல் சண்டை மறுபடி தொடங்கி, பெற்றோல் வராமல் தடுக்கப்பட்ட காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவை இந்தக் கார்கள்தான். பிரசவத்துக்கும் பிரேதத்துக்கும் அவைதான் வந்தன என்று எங்கள் ட்ரைவர் ஐயா சொன்னார். அந்தக் கார்தான் அவருக்குச் சோறு.

கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்தால், காருக்கு அடியில் மணலில் கறுப்பாக ஒரு வட்டம். ஐயா குனிந்து பார்த்தார். கீழ் நட்டைக் காணவில்லை. கியர் பெட்டி காலி. இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம், அடுத்த நாள் எல்லோருக்கும் வேலை. எங்களுக்கு நெஞ்சு அடைத்துப் போனது. ஐயா பதறவில்லை.

“பயப்பிடாதையுங்கோ தம்பி. இந்தப் பெட்டி குடிக்கிறது எஞ்சின் ஒயில்தான். லோஞ்ச்காரரிட்டைக் கேட்டுப் பாப்பம்” என்றார்.

லோஞ்ச்காரர் ஒருவர் ஒயில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஐயா ஒரு பூவரசங் கொம்பைக் கத்தியால் கூராகச் சீவி, துணி சுற்றி, சவுக்காரம் பூசி, ஓட்டைக்குள் இறுக்கி அடித்தார். மைனர் பலவற்றில் மேல் நட்டுக்குக் காரின் உள்ளே இருந்தே வழி உண்டு. கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி, மேல் நட்டைத் திறந்து ஒயிலை ஊற்றினார். மெதுவாக ஓட்டி, வழியில் இரண்டு தரம் இறங்கிப் பார்த்து, எங்களை பஸ்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

நட் எப்படி விழுந்தது? சில நாட்களுக்கு முன் ஒரு கராஜில் ஒயில் மாற்றியிருக்கிறார்கள். பழைய நட் தேய்ந்துவிட்டது என்று, கையில் கிடைத்த வேறொரு நட்டை நூல் சுற்றி முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். இங்கிலீஷ் காரின் பழைய நட்டுகளுக்கு அங்குலக் கணக்குப் புரி. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் மில்லிமீற்றர் கணக்கு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். ‘இறுகிவிட்டது’ என்று நினைத்து இன்னும் முறுக்கினால், இரும்பு நட் அலுமினியப் பெட்டியின் புரியைத் தின்றுவிடும். பிறகு அது பிடிக்காது. ஆகவே புது நட் வாங்கப் போகும்போது பழைய நட்டைக் கையோடு கொண்டு போங்கள். புதியதை முதலில் வெறும் விரலால் மூன்று நாலு சுற்றுப் போட்டுப் பாருங்கள். விரலால் போகாத நட்டுக்கு ஸ்பேனர் போடவே கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

காரை இரண்டு மூன்று மைல் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஒயில் இளகி, அடியில் கிடக்கும் தூளையும் சேர்த்துக்கொண்டு வரும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருக்காலும் காருக்கு அடியில் போகாதீர்கள். தடித்த மரக்கட்டைகளை முண்டாகக் கொடுத்த பிறகுதான் போக வேண்டும்.

இப்போது மேல் நட்டைக் கழற்றுங்கள். ஆம், மேல் நட்டைத்தான் முதலில். கீழ் நட்டைத் திறந்து ஒயிலையெல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேல் நட் அசையவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? காரும் ஓடாது, ஒயிலும் ஊற்ற முடியாது. மேல் நட் திறக்காவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடலாம். பழைய ஒயிலோடாவது கார் ஓடும்.

தீவுப் பக்கத்துக் கார்களில் நட் பிடித்துக்கொள்வதற்கு உப்புக் காற்று காரணம். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிப் புரியை அடைத்துவிடும். நம் மலையில் உப்பு இல்லை, ஆனால் மழையும் சேறும் அந்த வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்கின்றன. நட்டைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் பெட்டியின் மேல், நட்டைச் சுற்றி, கொதிநீரில் நனைத்த துணியைப் போடுங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆகையால் பிடி தளரும். நெருப்புக் காட்ட வேண்டாம், பெற்றோல் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. பைப் ரெஞ்சும் வேண்டாம், அது தலையை உருட்டிவிடும். சில நட்டுகளில் தலைக்குப் பதிலாகச் சதுரக் குழி இருக்கும். அதற்கு ஒரு சதுர இரும்புத் துண்டை அளவாக ராவிக்கொண்டால் போதும்.

வடித்த ஒயிலை வீசிவிடாதீர்கள், பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் பயமில்லை. பித்தளைத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. இரும்புச் சில்லு வந்தால் பல்லோ பெயரிங்கோ போகிறது. பால் போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நட் இரண்டு வகை. நுனி சிறுத்து வரும் நட் புரியாலேயே அடைக்கும், அதற்கு வோஷர் கிடையாது. நேரான நட்டுக்குச் செம்பு வோஷர் வேண்டும். புது வோஷர் கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செம்பு மறுபடி மெதுவாகிவிடும். புரியில் கொஞ்சம் கிரீஸ் பூசினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

கீழ் நட்டைப் பூட்டிவிட்டு, மேல் ஓட்டையில் ஒயில் வழியும் வரை ஊற்றுங்கள். வழிவது நின்ற பிறகு மேல் நட்டைப் போடுங்கள். மைனருக்கு இரண்டே கால் பைன்ற், அதாவது ஏறக்குறைய 1.3 லீற்றர், முப்பதாம் நம்பர் எஞ்சின் ஒயில். கூடினால் கிளச்சுக்குப் போய் வழுக்கும். தொண்ணூறாம் நம்பர் தடித்த ஒயில் பின் அக்ஸலுக்கு உரியது. அதைக் கியர் பெட்டியிலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கியர் இறுகும், சிலவகை அக்ஸல் ஒயிலில் உள்ள மருந்து பித்தளை வளையத்தையும் அரிக்கும். ஐயா லோஞ்ச்காரரிடம் தயங்காமல் ஒயில் கேட்டது இதைத் தெரிந்துதான்.

லொறிக்கும் ட்ரக்டருக்கும் நட் திறக்கும் முறை இதேதான், ஒயில் மட்டும் வேறு. அதை அந்தந்த வண்டியின் புத்தகத்தில் பார்த்து ஊற்றுங்கள். வேலை முடிந்து பத்துப் பதினைந்து மைல் ஓடிய பிறகு, அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்து இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.