புகை குறைந்தது, காற்று சுத்தமானதா?

படிவம் நான்கு மாணவர் ஒருவர் போன வாரம் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். "டீச்சர், மாமாவோட டீசல் பிக்கப்ல பட்டறைக்காரர் இ.ஜி.ஆர். குழாயை அடைச்சிட்டாரு. இப்ப கரும்புகையே இல்ல, வண்டியும் நல்லா இழுக்குது. அப்ப அது நல்லதுதானே?"

கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

இ.ஜி.ஆர். என்பது இயந்திரம் வெளியேற்றும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி மறுபடியும் சிலிண்டருக்குள் அனுப்பும் ஏற்பாடு. வெளியே போக வேண்டிய கழிவை எதற்காக உள்ளே விட வேண்டும்? இதற்கு விடை டீசலில் இல்லை, காற்றில் இருக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இறுகியிருக்கின்றன. ஒரு மோல் நைட்ரஜனின் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் வேண்டும். ஆக்சிஜனுக்கு 498 போதும். அதனால்தான் அடுப்பு நெருப்பில் நைட்ரஜன் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. டீசல் சிலிண்டருக்குள் தீப்பிழம்பு 2,000 பாகை செல்சியசையும் தாண்டும். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் மூலக்கூறு பிளந்து தனி அணுவாகிறது. அந்த அணு நைட்ரஜனைத் தாக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. யாக்கோவ் செல்டோவிச் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1940களில் விளக்கிய வினை இது. சுமார் 1,500 பாகைக்கு மேல் வெப்பம் கூடக் கூட இந்த வினையின் வேகம் மிகக் கடுமையாக ஏறும். ஆகவே சூட்டைக் கொஞ்சம் தணித்தாலே நிறைய பலன் கிடைக்கும்.

கர்னி டிரைவில் சாத்தே சுடுபவரைக் கவனித்திருப்பீர்கள். விசிற விசிறக் கரி செக்கச்செவேலென்று கனலும், ஏனென்றால் புதிய ஆக்சிஜன் கிடைக்கிறது. அதே கரிக்கு ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயுவை ஊதினால் கனல் மங்கிவிடும். இ.ஜி.ஆர். செய்வது இதைத்தான். திரும்பி வரும் வாயுவில் ஆக்சிஜன் குறைவு. கரியமில வாயுவும் நீராவியும் அதிகம். நீராவியை ஒரு பாகை சூடாக்க, அதே எடையுள்ள காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல் சுமார் இரு மடங்கு வெப்பம் வேண்டும். இப்படி அது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. தீயின் உச்ச வெப்பம் இறங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆக்சிஜனும் சூடும் குறைந்தால் கரித்துகள் முழுதாக எரியாது. அந்தக் கரி, இயந்திரத்தின் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து வால்விலும் காற்றுக் குழாயிலும் பிசுபிசுவென்று படியும். பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிகளில் இது இன்னும் மோசம். வால்வு சிக்கிக்கொண்டால் இழுவை குறையும், புகை வரும். அப்போதுதான் யாராவது ஒரு சின்ன இரும்புத் தகட்டை வைத்து வழியை மூடிவிடுகிறார்கள்.

மூடியதும் கரும்புகை குறைவது உண்மை. மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் நைட்ரிக் ஆக்சைடு ஏறிவிடும், அதற்கு நிறமே கிடையாது. வெளியே வந்ததும் அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். நம் ஊர் வெயிலில் அந்த வாயு சிதைந்து, தரைமட்ட ஓசோன் உருவாகவும் வழி செய்யும். இரண்டுமே மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுபவை. ஆஸ்துமா உள்ளவர்களைத்தான் முதலில் தாக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி வரம்பை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டீசல் வண்டிகளின் புகைச் சோதனையில் பார்ப்பது புகையின் கருமையை, அதாவது அதன் ஊடாக ஒளி எவ்வளவு புகுகிறது என்பதை. தகடு வைத்த வண்டி அதில் இன்னும் சுலபமாகத் தேறிவிடும்! கருமையை அளக்கும் கருவியிடம் நிறமற்ற வாயு எப்படிப் பிடிபடும்?

சோதனைக்கும் சாலைக்கும் உள்ள இந்த இடைவெளி பெரிய அளவில் அம்பலமானது அமெரிக்காவில். மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் டீசல் கார்களின் பின்பகுதியில் அளவைக் கருவிகளை ஏற்றி, கலிபோர்னியாச் சாலைகளில் ஓட்டி அளந்தார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் இருந்தார். ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டது. ஆய்வகத்தில் அதே கார் தேறியிருந்தது! சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு, அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்க அரசு அதை அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. மாமாவின் தகடு இரும்பு, அவர்களுடையது கணினி நிரல், வித்தியாசம் அவ்வளவுதான்.

மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன். முன்பு கரும்புகை எப்போது வந்தது? மெதுவாக ஓடும்போதா, ஆயர் ஈத்தாம் மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதா? முழுதாக மிதிக்கும்போது நல்ல இ.ஜி.ஆர். வால்வு மூடிக்கொள்ளும். அப்போதும் புகை வந்திருந்தால், ஒன்று வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். அல்லது காற்று வடிகட்டியோ எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரோ பழுதாகியிருக்கலாம். அதைத் தகடு சரிசெய்யாது. மாமாவிடம் கேட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.